வாசகர் கேள்வி-பதில்: அஞ்சல் வருகிறது, அனுப்பினால் மட்டும் போகவில்லை

இம்முறை வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தாலும், ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன: மின்னஞ்சல் செயலியில் கோளாறு என்றோ கடவுச்சொல் தவறு என்றோ நினைத்து வாசகர்கள் போராடிக்கொண்டிருக்க, உண்மையில் நடுவில் யாரோ ஒரு போர்ட்டை, அதாவது அஞ்சல் போய்வரும் எண்ணிட்ட வாசலை, அடைத்திருக்கிறார்கள். ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஏற்றுமதி அலுவலகத்துக்குச் சொந்த டொமைனில் மின்னஞ்சல் முகவரிகள் இருக்கின்றன. இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றிய நாளிலிருந்து அவுட்லுக்கில் அஞ்சல்கள் ஒழுங்காக வருகின்றன. ஆனால் நாங்கள் அனுப்புபவை அவுட்பாக்ஸிலேயே கிடக்கின்றன. 80042109 என்று முடிகிற பிழை எண் வருகிறது. கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. உலாவியில் வெப்மெயிலைத் திறந்து அனுப்பினால் மட்டும் போகிறது. என்ன செய்வது?
– வாசகர், திருப்பூர்

பதில்: கடவுச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. "இணைப்பை மாற்றிய நாளிலிருந்து" என்று நீங்களே எழுதியிருப்பதில்தான் விடை இருக்கிறது. அந்தப் பிழை எண்ணும், அனுப்பும் சர்வரை எட்ட முடியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. சர்வர் உங்களை மறுத்ததாகச் சொல்லவில்லை.

அஞ்சல் வாங்குவதும் அனுப்புவதும் ஒரே கணக்கில் நடந்தாலும் கணினி அவற்றுக்கு வெவ்வேறு வழிகளில் செல்கிறது. தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்க ஒரு ஜன்னல், சான்றிதழ் வாங்க இன்னொரு ஜன்னல் என்று இருப்பதைப் போல, ஒரே சர்வரில் ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிட்ட வாசல் ஒன்று உண்டு, அதுவே போர்ட். ஐமேப் முறையில் அஞ்சல் வாங்க 143 அல்லது 993, பாப்3 முறையில் வாங்க 110 அல்லது 995, அனுப்புவதற்கு 25, 587, 465 ஆகியவற்றுள் ஒன்று. வெப்மெயிலோ மற்ற எல்லா இணையதளங்களையும் போல 443ஆம் போர்ட் வழியாகவே போய்வருகிறது. அதனால்தான் அது தடையின்றி நடக்கிறது. உங்கள் அவுட்லுக்கில் அனுப்பும் போர்ட்டாக 25 இருக்கும் என்பது என் ஊகம். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ அமைத்துக் கொடுத்து, கணினி மாறும்போதெல்லாம் அப்படியே படியெடுத்து வைக்கப்பட்ட அமைப்பாக இருக்கக்கூடும். பழைய இணைப்பு நிறுவனம் அந்தப் போர்ட்டைத் திறந்து வைத்திருந்தது. புதிய நிறுவனம் அடைத்து வைத்திருக்கிறது.

அடைத்ததற்காக அவர்களைக் குறைகூற மாட்டேன். மின்னஞ்சல் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. விதிமுறை 1982இல் எழுதப்பட்டபோது, பயனர் சர்வரிடம் அஞ்சலை ஒப்படைப்பதும், ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் ஒப்படைப்பதும் இதே 25ஆம் போர்ட்டில்தான் நடந்தன. கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடே அப்போது இல்லை. 2003 ஆகஸ்ட்டில் பரவிய சோபிக்-எஃப் போன்ற கணினிப் புழுக்கள் (தாமாகவே பரவும் தீய நிரல்கள்), அஞ்சல் அனுப்பும் நிரலைத் தம்முள்ளேயே சுமந்துகொண்டு, பாதிக்கப்பட்ட வீட்டுக் கணினியிலிருந்தே நேரடியாக ஊருக்கெல்லாம் குப்பை அஞ்சல்களை இறைத்தன. வீட்டு இணைப்புகளிலிருந்து வெளியே செல்லும் 25ஆம் போர்ட்டை மூடிவிட்டால் அந்த வழி அடைபடும் என்பதால், உலகெங்கும் இணைய சேவை நிறுவனங்கள் அதை மூடத் தொடங்கின. பிரேசில் நாடு 2012, 2013ஆம் ஆண்டுகளில் இதை ஒரு தேசிய ஏற்பாடாகவே செய்து முடித்தது. பயனர் அஞ்சலை ஒப்படைப்பதற்கென்று 587ஆம் போர்ட் 1998 டிசம்பரிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. ஆகவே இன்றைக்கு ஓர் அலுவலகக் கணினி 25ஆம் போர்ட்டைக் கேட்க நியாயமான காரணம் ஏதுமில்லை.

இனி, செய்ய வேண்டியது. அவுட்லுக்கின் கணக்கு அமைப்புகளில் உங்கள் கணக்கைத் திறந்து, "மேலும் அமைப்புகள்" சாளரத்தின் "அட்வான்ஸ்டு" தாவலுக்குச் செல்லுங்கள். வெளிச்செல்லும் சர்வருக்கு நேரே இருக்கும் 25ஐ அழித்து 587 என்று இட்டு, அதன் கீழே உள்ள மறையாக்க (என்கிரிப்ஷன்) முறையில் "ஸ்டார்ட்-டி.எல்.எஸ்." என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஹோஸ்டிங் நிறுவனம் (உங்கள் டொமைனின் அஞ்சல் சர்வரை நடத்துபவர்கள்) 465ஐப் பரிந்துரைத்தால், அதற்கு "எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்." என்பதே பொருத்தம். இந்த இணைகளை மாற்றிப்போட்டுவிட்டால், போர்ட் திறந்திருந்தும், சர்வர் ஒரு மொழியிலும் அவுட்லுக் வேறு மொழியிலும் பேசக் காத்துக்கொண்டு நிற்கும். பார்ப்பவர்களுக்கு அது போர்ட் அடைபட்டது போலவே தோன்றும். எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, "587லும் போகவில்லை" என்று முடிவுகட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். அதே சாளரத்தின் "வெளிச்செல்லும் சர்வர்" தாவலில், சர்வருக்கு உள்நுழைவு தேவை என்ற கட்டத்தில் குறியிடவும் மறக்காதீர்கள்; அது இல்லாவிட்டால் இணைப்பு கிடைத்தாலும் வெளியாருக்கு அஞ்சலைக் கடத்த முடியாது என்று சர்வர் 550 எண்ணில் மறுத்துவிடும். மறையாக்கத்தில் "எதுவுமில்லை" என்பதை மட்டும், சோதித்துப் பார்ப்பதற்காகக்கூடத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் கடவுச்சொல் மறைப்பின்றி வழியெங்கும் போகும்.

கேள்வி: நான் கணக்குத் தணிக்கை அலுவலகம் நடத்துகிறேன். அஞ்சல் போகாதபோது ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டால் இணைய நிறுவனத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். அவர்களைக் கேட்டால் கணினி மெக்கானிக்கைக் கேட்கச் சொல்கிறார்கள். எந்தப் போர்ட் அடைபட்டிருக்கிறது, யார் அடைத்தது என்பதை நானே கண்டறிய வழியுண்டா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு, அதற்குப் பெரிய நிபுணத்துவமும் வேண்டியதில்லை. முதலில் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அதே கணினியை அதனுடன் இணைத்து, எந்த அமைப்பையும் தொடாமல் ஓர் அஞ்சலை அனுப்பிப் பாருங்கள். போய்விட்டால் தடை உங்கள் அலுவலக ரூட்டரிலோ, அலுவலக இணைப்பைத் தரும் நிறுவனத்திலோ இருக்கிறது, அல்லது சர்வர் உங்கள் அலுவலக இணைப்பின் ஐ.பி. முகவரியை (இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்) மட்டும் விலக்கிவைத்திருக்கிறது. அப்போதும் போகாவிட்டால் கணினியின் ஃபயர்வால், ஆன்டிவைரஸ், அஞ்சல் அமைப்புகள் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். கைப்பேசி நிறுவனங்களிலும் 25ஐ அடைப்பவை உண்டு என்பதால், 25ஆம் போர்ட்டை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்து முடிவுக்கு வர வேண்டாம். 587ஐ இட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது டெல்நெட், ஒரு சர்வரின் குறிப்பிட்ட போர்ட்டைத் தட்டிப் பார்க்க உதவும் சிறு நிரல். விண்டோஸில் இது இருந்தாலும் இயல்பாக முடக்கப்பட்டிருக்கும்; கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் அம்சங்களைச் சேர்க்கும் பட்டியலுக்குப் போய் "டெல்நெட் கிளையன்ட்" என்பதற்குக் குறியிட்டால் வந்துவிடும். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, டெல்நெட் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு அனுப்பும் சர்வரின் பெயரையும், இன்னோர் இடைவெளி விட்டு 587 என்ற எண்ணையும் தட்டி எண்டரை அழுத்துங்கள். திரை வெறுமையாகி, 220 என்று தொடங்கும் ஒரு வரி வந்தால் போர்ட் திறந்திருக்கிறது. சர்வர் உங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டது. இணைக்கிறேன் என்ற வரியிலேயே ஏறக்குறைய 20 விநாடி நின்று, பின்பு தோல்வி என்று வந்தால், நீங்கள் அனுப்பிய தட்டலை வழியில் யாரோ பதில் சொல்லாமல் விழுங்குகிறார்கள். ஃபயர்வால் அடைப்பின் வழக்கமான அடையாளம் அது. ஓரிரு விநாடியிலேயே தோல்வி வந்தால் மறுமுனை எட்டப்பட்டிருக்கிறது, ஆனால் அந்த எண்ணில் அங்கே யாரும் காத்திருக்கவில்லை. சர்வர் பெயரோ எண்ணோ தவறாக இருக்கலாம். விண்டோஸ் இவ்விரண்டையும் முறையே 10060, 10061 என்ற சாக்கெட் பிழை எண்களால் குறிக்கும். சில கணக்கு மென்பொருள்கள் வேறு விளக்கமில்லாமல் இந்த எண்ணை மட்டும் காட்டுவதால் இவற்றை நினைவில் வைத்துக்கொள்வது பயன்தரும். 10013 வந்தால் உங்கள் கணினியிலேயே இருக்கும் ஃபயர்வால் அல்லது ஆன்டிவைரஸைப் பாருங்கள். 11001 வந்தால் சர்வரின் பெயரே கண்டுபிடிக்கப்படவில்லை, எழுத்துப்பிழையைத் தேடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: 465ஆம் போர்ட்டை இப்படிச் சோதித்தால், திறந்திருந்தாலும் 220 வராது, வெறும் கருந்திரை மட்டுமே தெரியும். அங்கே மறையாக்கம் முடிந்த பிறகே பேச்சு தொடங்கும் என்பதால், அந்தக் கருந்திரையே வெற்றியின் அடையாளம்.

220 வந்தும், அதன் பின்னே சர்வரின் பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகளாக வரிசைகட்டி நின்றால், அலுவலக வாசலில் இருக்கும் பழைய சிஸ்கோ ஃபயர்வால் போன்ற ஒரு கருவி நடுவில் அமர்ந்து அஞ்சல் பேச்சைத் திருத்திக்கொண்டிருக்கிறது. அது "மறையாக்கம் செய்யலாமா" என்று சர்வர் சொல்லும் வரியையும் சேர்த்தே அழித்துவிடும். அவுட்லுக்கோ மறையாக்கம் இந்தச் சர்வரில் இல்லை என்று புகார் சொல்லும். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒன்று இருந்தால், அதைப் பராமரிப்பவரிடம் எஸ்.எம்.டி.பி. சோதனையை நிறுத்தச் சொல்லுங்கள்.

போர்ட் திறந்திருக்கிறது என்று தெரிந்த பின்னும் 535 என்ற எண் வந்தால் அது உள்நுழைவுச் சிக்கல்; போர்ட்டை விட்டுவிடுங்கள். தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு, செயலிகளில் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நுழையும் வசதியைக் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லைப் பெற்று அதை இட வேண்டும். மைக்ரோசாஃப்ட்டும் அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு, கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நுழையும் வசதியை 2024 செப்டம்பரில் நிறுத்தியது. இவற்றை அறியாமல் ரூட்டரை மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி விடுதி வைஃபையில் கைப்பேசியின் ஜிமெயில் செயலி நன்றாக இயங்குகிறது. அதே வைஃபையில் மடிக்கணினியில் உள்ள தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியில் அதே கணக்கில் அஞ்சல் வரவும் இல்லை, போகவும் இல்லை. தண்டர்பேர்ட் பழுதா?
– மாணவி, காரைக்குடி

பதில்: தண்டர்பேர்டில் பழுதில்லை. விடுதி வைஃபையில் இணையதளங்களுக்கான 80, 443 ஆகிய போர்ட்டுகளை மட்டும் திறந்துவைத்து மற்றவற்றை மூடியிருக்கிறார்கள். ஜிமெயில் செயலி கூகுளுடன் 443 வழியாகவே பேசுகிறது. தண்டர்பேர்டுக்கு 993உம் 465உம் வேண்டும். விடுதி நிர்வாகத்திடம் 993, 465, 587 ஆகிய மூன்றையும் திறக்கும்படி எழுத்தில் கேளுங்கள். இவை கடவுச்சொல் கேட்கும் போர்ட்டுகள் என்பதால் திறப்பதில் அவர்களுக்குத் தீங்கில்லை. அதுவரை உலாவியில் ஜிமெயிலைப் பாருங்கள். விடுதி விதிகள் அனுமதித்தால் வி.பி.என்.னும் உதவும், விதிகளை மீறி அதைப் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் உள்ள பழைய நகலெடுக்கும் இயந்திரம், ஸ்கேன் செய்ததை நேராக மின்னஞ்சலில் அனுப்பும். சில மாதங்களாக அனுப்பவில்லை. இயந்திரத்தின் அமைப்பில் போர்ட் 25 என்றிருக்கிறது. அதை 587 ஆக மாற்றியும் சரிவரவில்லை.
– வாசகர், சிவகாசி

பதில்: போர்ட் அடைபட்டது முதல் காரணமாக இருந்திருக்கலாம், 587க்கு மாற்றிய பிறகு நீங்கள் இரண்டாவது சிக்கலைச் சந்திக்கிறீர்கள். பழைய இயந்திரங்களுக்கு இக்கால மறையாக்கப் பதிப்புகள் தெரியாது, டி.எல்.எஸ். 1.0உடன் நின்றுவிட்டவை பல. பெரிய அஞ்சல் நிறுவனங்கள் 1.2க்குக் குறைந்தவற்றை ஏற்பதைக் கைவிட்டு வருகின்றன. இயந்திரத்தின் தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் (இயந்திரத்தின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு வெளியிட்டிருந்தால் முதலில் அதை நிறுவிப் பாருங்கள். இல்லாவிட்டால், மின்னஞ்சலை விட்டுவிட்டு, அலுவலகக் கணினி ஒன்றில் பகிரப்பட்ட கோப்புறைக்கு நேரே ஸ்கேன் செய்யும்படி இயந்திரத்தை அமைத்துவிடுங்கள். அந்தப் போக்குவரத்து உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே நடப்பதால் இணைய நிறுவனத்தின் அடைப்பு அதைத் தொடாது. அச்சகத்தின் பெரிய ஸ்கேன் கோப்புகளுக்கு அதுவே நல்ல வழி என்பேன். அஞ்சலோடு இணைக்கும் கோப்பின் அளவு வரம்பில் முட்டும் தொல்லையும் ஒழியும்.

கேள்வி: மருந்து மொத்த விற்பனை அலுவலகம் எங்களுடையது. ஒரு நாள் காலை, ஒன்பது கணினிகளிலும் ஒரே நேரத்தில் மின்னஞ்சல் நின்றுபோனது. வாங்கவும் முடியவில்லை, அனுப்பவும் முடியவில்லை. எங்கள் நிறுவனத்தின் இணையதளமே திறக்கவில்லை. மற்ற தளங்கள் எல்லாம் திறக்கின்றன. கைப்பேசி டேட்டாவில் எங்கள் தளமும் அஞ்சலும் நன்றாக இயங்குகின்றன. மாலையில் தானாகச் சரியாகி, மறுநாள் மீண்டும் நின்றது. யாரோ எங்கள் கணினிகளைத் தாக்கியிருக்கிறார்களா?
– வாசகர், சேலம்

பதில்: தாக்குதல் அன்று, உங்கள் ஹோஸ்டிங் சர்வரே உங்களைத் தாக்குபவராக எண்ணிப் பூட்டிவிட்டது. அலுவலகக் கணினிகள் எல்லாம் வெளியுலகுக்கு ஒரே ஐ.பி. முகவரியாகத் தெரிபவை. அந்த முகவரியிலிருந்து குறுகிய நேரத்தில் பலமுறை தவறான கடவுச்சொல் வந்தால், சர்வரின் பாதுகாப்பு நிரல் அதை ஒட்டுமொத்தமாக அடைத்துவிடும். அப்போது அஞ்சல் போர்ட்டுகள் மட்டுமல்லாமல், அதே சர்வரில் இருக்கும் இணையதளமும் அந்த அலுவலகத்திலிருந்து மட்டும் தெரியாமல் போகும். குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் பூட்டு தானாகத் திறக்கும். காரணம் நீங்காததால் மீண்டும் விழும். வந்து வந்து போகும் இந்தத் தன்மையை இணைய நிறுவனத்தின் அடைப்பில் காண முடியாது. அது என்றும் ஒரே மாதிரி இருக்கும்.

தவறான கடவுச்சொல்லை யார் அனுப்புகிறார்கள் என்பதே உங்கள் முன் உள்ள கேள்வி. அண்மையில் யாருடைய கடவுச்சொல்லாவது மாற்றப்பட்டதா என்று விசாரியுங்கள். மாற்றியவர் தம் கணினியில் புதியதை இட்டிருப்பார். ஆனால் அவருடைய கைப்பேசியிலோ, கிடங்கில் மூலையில் கிடக்கும் பழைய கணினியிலோ, விலைப்பட்டியலைத் தானாக அனுப்பும் மென்பொருளிலோ பழைய கடவுச்சொல் இன்னும் இருக்கும். அந்தக் கைப்பேசி காலையில் அலுவலக வைஃபையைப் பிடித்ததும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பழைய சொல்லோடு கதவைத் தட்டும். சிறிது நேரத்தில் ஒன்பது கணினிகளும் வெளியே நிற்கும். மாலையில் அவர் கிளம்பியதும் தட்டல் நின்று, பூட்டும் காலாவதியாகிவிடும். நீங்கள் எழுதியிருக்கும் நேரக் கணக்கும் இதற்குப் பொருந்துகிறது.

ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதும்போது "மெயில் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் வெளி ஐ.பி. முகவரியைக் குறிப்பிட்டு, அது அடைபட்ட நேரத்தையும், எந்த அஞ்சல் கணக்கின் பெயரில் தவறான உள்நுழைவுகள் வந்தன என்பதையும் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும்படி கேளுங்கள். கணக்கின் பெயர் தெரிந்துவிட்டால் கருவியைப் பிடித்துவிடலாம். ரூட்டரை அணைத்துப் போட்டால் வேறு ஐ.பி. கிடைத்து உடனே சரியானது போலத் தோன்றக்கூடும். அந்தக் கைப்பேசியைத் திருத்தாதவரை புதிய முகவரியும் அடைபடும். உங்கள் அலுவலகத்துக்கு நிலையான ஐ.பி. இருந்தால், அதை விலக்குப் பட்டியலில் சேர்க்கும்படி நிறுவனத்தைக் கேட்கலாம். ஆனால் பழைய கடவுச்சொல்லைக் களைந்த பிறகு கேட்பதே முறை.

கேள்வி: ஆன்டிவைரஸை அணைத்தால் அஞ்சல் போகிறது, இயக்கினால் நிற்கிறது. நிரந்தரமாக அணைத்துவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். அதற்குள் "மெயில் ஷீல்டு" அல்லது அது போன்ற பெயரில் ஒரு பகுதி இருக்கும். அஞ்சல் போக்குவரத்தின் நடுவே புகுந்து படித்துப் பார்ப்பது அதுதான். அந்த ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். அஞ்சலோடு இணைந்து வரும் கெட்ட கோப்பை, அதைத் திறக்கும்போது ஆன்டிவைரஸின் மற்றப் பகுதி எப்படியும் சோதிக்கும் என்பதால் பாதுகாப்பில் பெரிய குறை ஏற்படாது.

கேள்வி: கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் அமைக்க முயல்கிறேன். அஞ்சல்கள் வருகின்றன, ஆனால் வெளியே ஒன்றும் போகவில்லை. இங்கே 587க்கு மாற்றினால் போதுமா? அல்லது வீட்டு இணைப்பிலேயே சர்வரை வைத்து, 25ஐத் திறந்துவிடும்படி இணைய நிறுவனத்தைக் கேட்கலாமா?
– பொறியியல் மாணவர், சென்னை

பதில்: இங்கே மட்டும் மேலே சொன்ன அறிவுரை பொருந்தாது. 587 பயனர் தம் சர்வரிடம் அஞ்சலை ஒப்படைக்கும் போர்ட். உங்கள் சர்வர் இன்னொருவருடைய சர்வரிடம் ஒப்படைக்க இன்றும் 25 ஒன்றே வழி. எதிர்முனையின் 587ஐத் தட்டினால், அது உங்களிடம் இல்லாத கடவுச்சொல்லைக் கேட்கும். கிளவுட் நிறுவனங்கள் வெளியே செல்லும் 25ஐ இயல்பாகவே அடைத்துவைக்கின்றன. அமேசானின் இ.சி.2 சர்வர்களில், காரணம் எழுதி விண்ணப்பித்தால் கட்டுப்பாட்டை நீக்குவார்கள். மைக்ரோசாஃப்ட் அஷூரில், 2017 நவம்பர் 15க்குப் பின் தொடங்கிய கணக்குகளில் குறிப்பிட்ட சில வகைகளுக்கு மட்டுமே அந்த அனுமதி உண்டு. விண்ணப்பிக்கும் முன் உங்கள் ஐ.பி.க்குத் தலைகீழ்ப் பெயர்ப் பதிவும் (எண்ணிலிருந்து சர்வரின் பெயரைக் காட்டுவது), டொமைனுக்கு எஸ்.பி.எஃப்., டி.கிம் பதிவுகளும் (அஞ்சல் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்ய உதவுபவை) இட்டுவையுங்கள். அவை இல்லாத சர்வரின் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் ஏற்க மறுக்கவோ குப்பைப் பெட்டியில் தள்ளவோ செய்யும்.

வீட்டு இணைப்பில் சர்வர் வைக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். இணைய நிறுவனம் 25ஐத் திறந்துவிட்டாலும், வீட்டு இணைப்புகளின் ஐ.பி. தொகுதிகள் குப்பை அஞ்சலைத் தடுக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பி.பி.எல். பட்டியலில் (நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத முகவரிகளின் பட்டியல்) பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். அந்தப் பட்டியலைப் பார்க்கும் சர்வர்கள் உங்கள் அஞ்சலை வாசலிலேயே மறுத்துவிடும்.

கற்றுக்கொள்வதே நோக்கமானால் நடுவழி ஒன்று இருக்கிறது. அஞ்சல்களை உங்கள் சர்வரிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். வெளியே அனுப்புவதை மட்டும், உங்கள் சார்பில் அஞ்சலைக் கடத்தித் தரும் கட்டண ரிலே சேவை ஒன்றிடம் 587 வழியாக ஒப்படையுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் இதற்கு ரிலேஹோஸ்ட் என்ற ஒரு வரியும், உள்நுழைவுக்கான சில வரிகளுமே தேவைப்படும். 587ஐயும் 465ஐயும்கூட அடைக்கும் கிளவுட் நிறுவனங்கள் உண்டு. அங்கே மாட்டிக்கொண்டால் 2525ஐ முயன்று பாருங்கள். எந்தத் தர ஆவணத்திலும் இடம்பெறாத எண்தான் அது என்றாலும், ரிலே சேவைகள் பலவும் இத்தகைய அடைப்புகளை மனத்தில் கொண்டே அதைத் திறந்துவைத்திருக்கின்றன.